ரோஜேவின் மஞ்சள் குடம்

கடையின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தால் மற்றவர்கள் உள்ளே போவார்கள். ரோஜே ஒரு நொடி நின்று, "கே பேண்டு" என்று கதவுக்குத் தலையாட்டிவிட்டுத்தான் போவார். கதவுக்கு மேலிருந்து ஆள் வருவதைப் பார்க்கும் ராடாரின் அலைவரிசைக்கு அப்படிப் பெயர். ஈசிஆரில் போலீஸ்காரர் நீட்டும் வேகம் அளக்கும் துப்பாக்கியும் அவருக்குக் கே பேண்டுதான். டிவியில் மழை என்றால், "எஸ் பேண்டு ராடார் பாத்துச் சொல்றான், கொடைய எடு" என்பார். பிரெஞ்சுக் கடற்படையில் முப்பது வருஷம் ராடார் திரையைப் பார்த்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பிய மனிதர் வேறு என்னத்தைப் பேசுவார், பாவம்! அவர் மனைவி ஏவ்லின் மட்டும் கொட்டாவி விடாமல் கேட்பார். காதலென்றே வைத்துக்கொள்வோம்.

சாயங்காலம் பெத்தாங்க் மைதானத்தில் இரும்புக் குண்டு எறிவதில் ரோஜேவுக்கு ஜோடி, வைத்திக்குப்பம் ராஜவேல். ஃபைபர் படகில் மீன் பிடிக்கிறவர்; ரோஜேவை 'முசியே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் ராஜவேல் குண்டை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"காலையில நல்ல மழ முசியே. ஒரு சரக்குக் கப்பலு உரசுற மாதிரி போயிடுச்சு. நாங்க இருக்கறதே அவனுக்குத் தெரியல."

"எப்பிடித் தெரியும்? ஃபைபர்ல பட்ட ராடார் அலை திரும்பி வராதே."

சொல்லிவிட்டாரே தவிர, அதன்பிறகு ரோஜேவுக்கு ஆட்டம் ஓடவில்லை. இந்த ஆள் மேல் கப்பல் ஏறிவிட்டால்? அந்தப் பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

மறுநாளே அலுமினியத் தகடுகளை வெட்டி, ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சொருகி, எல்லாப் பக்கமும் மூலைகளாக இருக்கும்படி ஒன்றைச் செய்தார். எந்தப் பக்கமிருந்து அலை வந்து மூலைக்குள் மோதினாலும் வந்த வழியே திரும்பும்.

"கப்பல்ல ரெண்டு ராடார் இருக்கும். எக்ஸ் பேண்டுல படம் துல்லியமா வரும், ஆனா மழையில கொழம்பும். எஸ் பேண்டு மழையத் தாண்டிப் போவும், ஆனா சின்னத விட்டுடும். அதான் ரெண்டுக்கும் சேத்துப் பெருசா செஞ்சேன். படகுக் கம்பத்து உச்சியில கட்டு" என்று ராஜவேலிடம் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்துச் சோதனை. ராஜா என்பவரின் விசைப்படகில் எக்ஸ் பேண்டு ராடார் இருந்தது. ரோஜே அதில் ஏறிக்கொண்டார். சற்றுத் தூரத்தில் ராஜவேலின் படகு கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. திரையில் ஒன்றுமில்லை.

கரைக்கு வந்து பார்த்தால், தகட்டின் விளிம்பெல்லாம் சுத்தியலால் மடக்கித் தட்டப்பட்டிருந்தது.

"கம்பத்த எறக்கறப்ப வல மாட்டிக் கிழியுது முசியே. அதான் மொன்னையாக்கிட்டேன்."

"மோன் தியே! கோணம் போனா எல்லாம் போச்சுய்யா!"

ரோஜே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டார். பெத்தாங்க் பக்கமும் தலைகாட்டவில்லை. கடைசியில் ராஜவேலின் மனைவி கார்குழலி இரண்டு வஞ்சிரத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"அவுரு மேல கோவப்படாதீங்கண்ணே. தட்டச் சொன்னதே நாந்தான். கிழிஞ்ச வலய நாள் பூரா குந்திக்கினு தெக்கிறது நானாச்சே."

ரோஜேவுக்குச் சுருக்கென்றது. அலை போகிற வழியெல்லாம் யோசித்தவர், வலை போகிற வழியை நினைக்கவே இல்லை.

அப்போதுதான் ஏவ்லின் புதிதாக வாங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் குடம் கண்ணில் பட்டது. பிளாஸ்டிக் அலையைத் தடுக்காது. குடத்தை நடுவில் அறுத்து, புதுத் தகடுகளை உள்ளே வைத்து, ஒட்டி மூடினார். வலை மாட்ட வெளியே ஒரு முனையும் இல்லை.

"தண்ணிய எதுல புடிக்கிறதாம்?" என்றார் ஏவ்லின்.

"உயிர் முக்கியமா, குடம் முக்கியமா?"

"அதுக்குன்னு புதுக்குடம் கேக்குதா உங்களுக்கு!"

குடத்தைக் கம்பத்தில் கட்டிக்கொண்டு ராஜவேல் மறுபடியும் கடலுக்குப் போன அன்று தூறல். ராஜாவின் படகில் ராடார் திரை முழுக்க மழை அப்பிக்கிடந்தது. ரோஜே மழையை வடிகட்டும் குமிழை மெல்லத் திருகினார். மழைக் கறை கலைந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி நின்றது. அடுத்த சுற்றிலும் அங்கேயே நின்றது.

ரோஜே போனை எடுத்தார்.

"ராஜவேலு, தெரியிறய்யா."

"நெசமாவா? எப்பிடி இருக்கேன்?"

"அழகா இருக்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. "சாயங்காலம் ஆட வர்றியா முசியே?"

"வரேன்" என்றார் ரோஜே. கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ புள்ளிகளைப் பார்த்தவர்தான். பேர் தெரிந்த புள்ளி இது ஒன்றுதான்.