கோரிக்கை இல்லாத ஐந்து பக்கம்

தாம்பரம் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஜெயசீலி பத்தொன்பது வருடமாக மனு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எப்படி எழுத வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. திரும்பி வந்த மனுக்களைப் படித்துப் படித்து, எது இல்லாததால் திரும்பியது என்று தானே கண்டுபிடித்தாள். யார், கதவு எண் என்ன, என்ன குறை, கடைசியில் என்ன வேண்டும். இந்த வரிசையில் அவள் அடித்த எதுவும் எட்டு வருடமாகத் திரும்பவில்லை. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும் வரிசை மாறவில்லை.

2005 பிப்ரவரியில் ஒரு மதியம் ஃபாயிசா பள்ளிச் சீருடையோடு வந்தாள். குரோம்பேட்டைப் பெண், ஒன்பதாம் வகுப்பு. வெளிநாட்டு அமைப்பு ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு உலக அளவில் நடத்தும் கட்டுரைப் போட்டிக்கு, ஐந்து பக்கம் கையால் எழுதி வைத்திருந்தாள். தாய்மொழியில் எழுதலாம். தட்டச்சு செய்து அன்று மாலை ஆறு மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். தலைப்பு, ‘எங்கள் தெருவில் ஒரு நாள்’. தண்ணீர் லாரிக்குத் தெருவே காத்திருந்த காலையை ஃபாயிசா எழுதியிருந்தாள்.

நாலரைக்குப் பிரிண்ட் கைக்கு வந்தது.

“அக்கா, இது என்னது? ‘எனவே எங்கள் தெருவுக்கு நாள்தோறும் லாரி அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.’ இதை நான் எழுதலையே!”

“நீ விட்டுட்ட. நான் சேர்த்தேன்.”

“நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கலைக்கா.”

“கேக்காம எதுக்கும்மா அஞ்சு பக்கம்?”

ஃபாயிசா உறுதிமொழித் தாளை நீட்டினாள். ஒரு வரிகூட வேறு ஆள் எழுதியதில்லை என்று அதில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். “இப்படியே அனுப்பினா பொய்க் கையெழுத்து. அனுப்பலைன்னா ஒரு வருஷம் போச்சு.”

பொய்க் கையெழுத்து விஷயத்தில் ஜெயசீலி கறார்.

“கடைசிப் பத்தியை எடுத்துட்டா போதுமா?”

“நடுவுலயும் கை வெச்சிருக்கீங்க. ‘மேற்படி லாரி’ன்னு நான் எங்கயுமே எழுதலை.”

ஒன்பது இடத்தில் மேற்படி இருந்தது. ஜெயசீலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து அடித்தாள். மூன்றாம் பக்கத்தில் விரல் தானாக மறுபடி மேற்படி போட்டது. அழித்தாள். லாரி போன பிறகு ஈரத் தரையில் ஒரு பூனை நடந்து போவதோடு கட்டுரை முடிந்தது.

“பூனை போச்சு. அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“திரும்பி வரும் பாரு இது.”

“திருப்பியெல்லாம் அனுப்ப மாட்டாங்கக்கா. பிடிக்கலைன்னா பேசாம இருந்துடுவாங்க.”

“தாசில்தாரே தேவலை.”

ஆறடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது கட்டுரை போய்ச் சேர்ந்தது. கிடைத்தது, நன்றி என்று உடனே தானியங்கிப் பதில் வந்தது. ஜெயசீலி அதை இரண்டு பிரதி எடுத்து, தேதி முத்திரை குத்தி, ஒன்றை ஃபாயிசாவிடம் கொடுத்துவிட்டு மற்றதைக் கடைக் கோப்பில் வைத்தாள்.

ஜூலையில் முடிவு வந்தது. ஃபாயிசாவின் பெயர் பட்டியலில் இல்லை. சொல்லிவிட்டுப் போக வந்தவள் படியிலேயே நின்றாள்.

“மேல்முறையீடு எத்தனை நாளுக்குள்ள?”

“அதெல்லாம் கிடையாதுக்கா. அடுத்த வருஷம் புதுசா எழுதலாம்.”

“எத்தனை வயசு வரைக்கும்?”

“பதினேழு.”

ஜெயசீலி விரல் விட்டு எண்ணினாள். “மூணு தடவை இருக்கு. இங்க பட்டா மாத்தவே அதுக்கு மேல அலையறாங்க. எழுதினதும் நேரா இங்க கொண்டு வா, தொட மாட்டேன்.”