நான் எடுத்துவிட்ட பெயர்

ஆபீஸில் ஆன்ட்டியின் மேசைக்கு மேலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் குத்தியிருக்கும். மலைச்சரிவில் பழைய கல் மடாலயம்; அதன் வாசலில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். ஞானஸ்நானம் முடிந்து வெளியே வந்த அந்தக் குழந்தை தான்தான் என்பார். கலிபோர்னியாவின் சன்னிவேலில், செல்போன் வரைபடம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் இருவரும் வேலை பார்த்தோம். நான் ஊர்ப்பெயர்களைத் திருத்துவேன். அவர் என் திருத்தங்களைச் சரிபார்ப்பார். என் அம்மா வயது. ஆபீஸில் யாரையும் அப்படிக் கூப்பிடும் வழக்கமில்லை என்றாலும் அவரை மட்டும் ஆன்ட்டி என்பேன். தங்கள் ஊரிலும் உறவு சொல்லித்தான் பழக்கம் என்று சந்தோஷப்பட்டார்.

எண்ணூறு வருடத்து மடாலயம் அது. கட்டியது தங்கள் முன்னோரே என்று, அது இருந்த நாட்டெல்லையின் இரு பக்கத்தாரும் சாதித்தார்கள். ஆன்ட்டியின் இனத்தார் அந்த இரு பக்கத்துக்கும் நடந்த போருக்குப் பின் அங்கிருந்து வெளியேறியவர்கள். எங்கள் வரைபடத்தில் மடாலயத்துக்கு இரு மொழிப் பெயர்களும் இருந்தன. ஆன்ட்டியின் மொழிப் பெயரை நீக்கச் சொல்லிப் புகார்கள் குவிந்தபோது, இரண்டும் இருக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

டீம் லீட் சேலத்துக்காரர். "ஒரு பேர்தானம்மா, ரிமூவ் பண்ணிட்டு அந்தப் புகார் டிக்கெட்ட குளோஸ் பண்ணு" என்றார். நான் தயங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன் கிரீன் கார்டு ஃபைல் மூவ் ஆகுற நேரம். இப்பப் போய் ஆர்க்யூ பண்ணணுமா?" அக்கறையாகத்தான் சொன்னார். அதனால்தான் மறுக்க முடியவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் எடுத்துவிட்டேன். சற்று நேரத்தில் ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து நின்றார். யார் எடுத்தது என்று கேட்டார். ஏதோ புரோகிராம் தானாக எடுத்திருக்கும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். மறுநாளும் என்னோடுதான் சாப்பிட்டார். வழக்கம்போல் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். 

அடுத்த வருடம் ஆட்குறைப்பில் அவர் வேலை போனது. விடைபெறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் நிலைமை எனக்குத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். விசா கவலையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கிரீன் கார்டு வந்தது. அவர் பார்த்த வேலையும் வந்தது. சரிபார்ப்பவர்கள் மட்டும் திறக்கக்கூடிய பக்கம் ஒன்று உண்டென்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தது யார், எப்போது, அதைப் பார்த்தது யார், எப்போது என்று எல்லாம் அதில் இருக்கும். மடாலயத்தின் பக்கத்தைத் திறந்தேன். நீக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். பார்த்தவர் என்ற இடத்தில் ஆன்ட்டியின் பெயர். என்னிடம் வந்து கேட்பதற்கு முன்பே பார்த்திருக்கிறார்.

அந்தப் பெயரை அன்றே திரும்பச் சேர்த்தேன். அதை அவரிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.