டின் பால் தேத்தண்ணி

நான்கு நாளைக்கு ஒருமுறை வெளிக்குப் போனாலே அது எனக்குத் திருநாள். மலாயாவில், லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டிய என் இருபது வயதுகளை நினைத்தால், மரமும் மழையும் பிறகுதான் வருகின்றன; முதலில் வருவது கல்லாகிக் கிடந்த என் வயிறு. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நேராக நிற்க முடியாது. வாளியைத் தூக்கினால் கண் இருட்டும். எனக்கே என் உடம்பு சலித்துப் போயிருந்தது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் சொல்ல வெட்கம். சொன்னால் மாலைக்குள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த சீன டிரசருக்குத் தமிழ் தெரியாது. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். "ஹாரி ஹாரி புவாங் ஆயர் அடா?" என்று மலாயில் கேட்டார்.

ஹாரி ஹாரி என்றால் தினமும், புவாங் என்றால் கொட்டுவது, ஆயர் என்றால் தண்ணீர். இது தெரியாதா எனக்கு? தினமும் வாளி கழுவித் தண்ணீர் கொட்டுகிறவள் நான்தானே. "அடா துவான்! லீமா காலி, ஆனாம் காலி" என்று, ஐந்து தடவை, ஆறு தடவை என ஐந்து விரலையும் காட்டி, ஆறாவதையும் சேர்த்தேன். மனிதர் பதறிப்போய், வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு நான் பட்ட பாட்டை எழுதினால் தாள் தாங்காது.

மறுபடியும் போனபோது, தரை கூட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண் குறுக்கே வந்தாள்.

"ஐயோ அக்கா, அவரு கேக்குறது வாளித் தண்ணியை இல்லலா! வெளிக்குப் போறதைக் கேக்குறாரு!"

டிரசர் சிரிக்கவில்லை. என்ன சாப்பிடுகிறேன் என்று அவள் வழியாகக் கேட்டார். சோறு, கருவாடு, வேளைக்கு வேளை இனிப்பு டின் பால் கலக்கிய தேத்தண்ணி. சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கட்டுமாம். கொஞ்ச நாள் நிறுத்திப் பார், கீரையும் பழமும் சாப்பிடு என்றார்.

நிறுத்துவதுதான் முடியவில்லை. எங்கள் முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சுருட்டை விட்டுவிட்டு அந்தக் காசில் எனக்கு டின் பால் வாங்கினார். இரத்தம் ஊறும் என்று அவரே கலக்கி, இரண்டு குவளையில் மாற்றி மாற்றி ஆற்றித் தருவார். அவருக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் படியோரம் கொட்டினேன். மூன்றாம் வாரம் வயிறு இளகியது.

ஒரு மாலை அவர் படியில் குந்தியிருந்தார். கீழே, நான் தேத்தண்ணி கொட்டிய இடத்துக்கு எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது.

"புள்ளை போனதுக்கு இன்னும் எம்மேல கோவமா இருக்கியா?" என்றார்.

வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன், வாளித் தண்ணீர் கதை உட்பட.

"அப்ப இனிமே என்னத்த ஆத்தித் தர்றது?" என்று மட்டும் கேட்டார்.

"வெந்நி போதும்."

மறுநாள் பெரட்டுக்கு முன்னால் எழுந்து பார்த்தேன். வெறும் வெந்நீரை இரண்டு குவளையிலும் மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.