மண்டோரின் மீசைக்கு இரண்டு வரி

கோலா சிலாங்கூரிலிருந்து கோலா குபு பாரு வரைக்கும் உள்ள அழகெல்லாம் மதார் சாகிபுவிடம் அனுமதி வாங்கித்தான் வெளியே நடமாடும். சூரியனே ஒருநாள் அவருடைய கேமரா முன்னால் வந்து, "நானா, இந்தப் பக்கம் நிக்கவா, அந்தப் பக்கம் நிக்கவா?" என்று கேட்டதாகக் கேள்வி. ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. தேய்ந்த சைக்கிள், அதைவிடத் தேய்ந்த செருப்பு.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் போய், அவசரகாலம் தொடங்கிய மறுவருஷம். எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் படம் வேண்டும் என்று உத்தரவு. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுக்கு நானாதான் படக்காரர். ஆளுக்கு இரண்டு படம், அங்கேயே கழுவித் தருவார். ஒன்று அட்டைக்கு, மற்றது அவரவருக்கு. அவரவர் படத்தின் பின்னால் இரண்டு வரி கவிதை எழுதித் தருவார். யாரும் கேட்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் நல்ல வெள்ளைச் சட்டை ஒன்றே ஒன்று. இருபது ஆண்கள் அதையே மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்கள். நானா எழுதினார்:

சட்டை ஒன்றுதான்.
நிமிர்ந்த நெஞ்சு இருபது.

மரம் சீவிவிட்டு வந்த வேலம்மா முகத்தைத் துடைக்கப் போனாள்.

"வுடு தாயி. அந்தப் பால் துளி அங்கயே இருக்கட்டும்."

"அசிங்கமா இருக்குலா நானா."

"எவன் சொன்னான்?"

அதே லயத்துக் கங்காவுக்குப் பதினைந்து வயது. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது, வாய் மட்டும் மேலே படித்துக்கொண்டே போனது. நானா மதியத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, ஆட்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர் அர்ஜுனனின் படத்துக்குப் பின்னால் அவளும் ஒன்று எழுதி வைத்தாள்:

மீசை இரண்டும் மேலே பார்க்கும்.
துரை வந்தால் தரையைப் பார்க்கும்.

மண்டோருக்கு வாசிக்கத் தெரியாது. எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி சிவானந்தம் சிரிப்பை மென்று விழுங்கியபடி வாசித்துக் காட்டினார். மண்டோர் நேரே பதிவுக்கு வந்திருந்த வெள்ளைக்கார ஆபீசரிடம் ஓடினார். "இந்தப் படக்காரன் காட்டுல இருக்கறவனுக்குச் சேதி எழுதுறான்யா!"

சற்று நேரத்தில் கேமரா ஆபீசர் மேசைமேல் இருந்தது. எல்லாப் படத்தின் பின்பக்கத்தையும் அழிக்க வேண்டும், இல்லையென்றால் கேமரா பறிமுதல் என்று கிராணி மொழிபெயர்த்தார்.

 நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டால் போதும். கங்கா வரிசையின் கடைசிக்கு நழுவினாள்.

"மொத்தமும் நான் எழுதினதுதான்" என்றார் மதார் சாகிபு. "அழிக்க மாட்டேன். படிங்க கிராணியாரே, சனங்க காதுல விழட்டும்."

கிராணி வேலம்மாவின் படத்தைத் திருப்பினார்.

பால் தெறித்த கன்னம், துடைக்காதீர்.
விடியல் முதலில் தொட்ட இடம் அது.

வேலம்மா படத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இந்த மூஞ்சிய இதுவரைக்கும் எவனும் நல்லதா ஒரு வார்த்த சொன்னதில்ல. அழிக்கணும்னா என்னைய அழிங்க!"

படம் வாங்கியிருந்த யாரும் அதை அழிக்க நீட்டவில்லை. ஆபீசர் பட்டியலைப் பார்த்தார். இன்னும் நூற்றிருபது முகம் பாக்கி, நாலே நாள். வேறு படக்காரன் இல்லை. கேமராவை முன்னால் தள்ளினார்.

"படம் மட்டும்தான். எழுத்து கூடாதுங்கறாரு" என்றார் கிராணி.

நானா பென்சிலை எடுத்து, ஆபீசர் கண்ணெதிரிலேயே அடுத்த படத்தின் பின்னால் எழுதத் தொடங்கினார். ஆபீசர் சிகரெட் பற்றவைப்பதில் ரொம்ப மும்முரமானார்.

அன்று வரிசையில் கடைசி ஆள் கங்கா. நாற்காலியில் உட்கார்ந்தாள். கறுப்புத் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மண்டோர் கன்னத்துல நீலமா ஒரு மச்சம், பாத்தியா புள்ள?"

"பாக்கலையே நானா."

"படத்துல இருக்கு. பின்னால எழுதின மை ஊறி முன்னால வந்திருச்சி. அதுக்குத்தான் நான் பென்சிலத் தவிர எதையும் தொடறதில்ல."

கங்கா கைகளைப் பாவாடை மடிப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒளிக்காத. வரி நல்லாத்தான் இருந்திச்சி. கையத் தூக்கிக் கன்னத்துல வையி. அந்த நீல வெரலு படத்துல விழணும்."