இரண்டாவது முட்டு

என் மண்டை கெட்டி என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் அதில் எதுவும் ஏறவில்லை. ஆனால் அது ஆளைச் சாய்க்கும் என்று எண்பதுகளில், எனக்கு எட்டு வயதானபோது, முதலில் தெரிந்துகொண்டது என் அக்காதான்.

திண்டிவனம் பக்கத்தில் எங்கள் கொல்லையில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். ஒரே செடிக்கு இரண்டு பேரும் பாய்ந்து குனிந்ததில் டங்கென்று தலைகள் மோதின. அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரத்தம் வரல. ஒண்ணுமில்ல, எழுந்து வேலையப் பாரு," என்றார் அப்பா.

ஒருமுறை முட்டிக்கொண்டால் மறுமுறையும் முட்ட வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு முளைக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சட்டம் அது. நான் தலையை நீட்டினேன். அவளோ, "எனக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

"எருமை முட்டிச்சு."

நம்பினாள். சற்று நேரத்தில் அதையே மறுபடி கேட்டாள். எனக்கு ஒரே குஷி. "இடி வுழுந்துச்சு," என்றேன். அதையும் நம்பினாள். மூன்றாம் முறை கேட்டுவிட்டு வாந்தி எடுத்தாள். அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

பஸ்ஸில் அம்மா என்னை அக்கா பக்கத்தில் உட்காரவைத்தாள். "தூங்கவுட்டா எழுந்துக்கவே மாட்டா. கண்ண மூடுனா கிள்ளுடி." அழுதுகொண்டே கிள்ளினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்காவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கை முழுக்க இருந்த கிள்ளல் தடங்களையும் பார்த்தார். "தூங்கட்டும்மா. அப்பப்ப எழுப்பி, நடந்தது ஞாபகம் வருதான்னு பேசிப் பாருங்க. மறுபடி வாந்தி எடுத்தா ஒடனே கூட்டிட்டு வாங்க. தலையில இன்னொரு அடி மட்டும் படவே கூடாது."

சாயங்காலம் வீட்டில் அக்கா பாயில் தூங்கினாள். நெற்றியைத் தடவினேன். புடைத்திருந்தது. கொம்பேதான்! மாட்டுப் பொங்கலுக்கு வண்ணம் பூசி அவளை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு இருப்பது ஒரே அக்கா. டாக்டரம்மா வேண்டாம் என்றது அடியை, இது வைத்தியம். மெல்லக் குனிந்தேன்.

என் மூச்சு பட்டதும் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"எருமையாம் எருமை! நீதானடி முட்ன? மறுபடியும் எதுக்கு வர்ற?"

வாசற்படியில் நின்று கேட்ட அம்மா உள்ளே ஓடிவந்தாள். என்னை இழுத்தாள். பொய் சொன்னதற்கு அடி விழும் என்று முதுகைக் காட்டினேன். அவளோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள்.

அக்கா என்னைக் காட்டிக்கொடுத்ததில் அம்மாவுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.