அவள் கண்டெடுத்த ஈஸ்ட்

இரண்டு வருடமாக என் ஈஸ்டுகளில் கிராம்பு வாடைதான் வந்துகொண்டிருந்தது.

அப்போது நான் அண்ணாமலை நகரில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி. அரிசித் தவிட்டில் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வனிலினாக, அதாவது ஐஸ்கிரீமில் நமக்குத் தெரிந்த அந்த வனிலா வாசனைப் பொருளாக, மாற்றக்கூடிய காட்டு ஈஸ்ட் ஒன்றைக் கண்டுபிடிப்பது என் வேலை. பண்ருட்டி மண்டியில் வீசியெறிந்த பலாப்பழச் சக்கை, இலுப்பைப்பூ, ஹாஸ்டலுக்குப் பின்னால் உதிர்ந்து நசுங்கிக் கிடந்த நாவல்பழம், எதையும் நான் விடவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஈஸ்டைப் பிரித்து வளர்த்து, அமிலத்தைக் கொடுத்து, மூன்றாம் நாள் பிளாஸ்கின் பஞ்சடைப்பைத் திறந்து மோந்து பார்ப்பேன். பெரும்பாலான ஈஸ்டுகள் அமிலத்தை வேறு பக்கமாகத் திருப்பிவிடும். வனிலாவுக்குப் பதில் கிராம்பும் புகையும் கலந்த ஒரு வாடை எழும். நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததை எடுப்பேன்.

2007 தொடக்கத்தில் அவள் வந்து சேர்ந்தாள். என்னைவிட நான்கு வயது சின்னவள். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்பா வெளிநாட்டில் வேலை. வந்த இரண்டாம் மாதமே, பண்ருட்டிப் பக்கத்துத் தோப்பு ஒன்றிலிருந்து ஒரு கேரி பேக் நிறைய அழுகிய முந்திரிப்பழத்தைக் கொண்டுவந்தாள். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு மரத்தடியிலேயே போட்டுவிடுகிற பழம். முந்திரிப்பழத்தை நான் எப்போதோ ஒதுக்கியிருந்தேன். அதில் ஒயின் செய்கிற ஆராய்ச்சியெல்லாம் நிறைய வந்துவிட்டது, புதிதாக என்ன கிடைத்துவிடப் போகிறது என்று நினைப்பு.

ஒரு காலை பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, இத கொஞ்சம் மோந்து பாருங்களேன். எனக்கு சளி புடிச்சி மூக்கு அடைச்சிருக்கு, ஒண்ணும் தெரியல."

மோந்தேன். வனிலா. சந்தேகமே இல்லை. தொண்டை வரை இனிப்பாக இறங்கியது.

"கிராம்புதான்" என்றேன்.

"அப்படியா?" என்று முகம் சுருங்கித் திரும்பினாள். அந்த நேரம் பார்த்துச் சார் உள்ளே வந்தார். எங்கள் இருவருக்கும் வழிகாட்டி அவர்தான். கையை நீட்டி பிளாஸ்கை வாங்கியவர், மூக்கருகில் கொண்டுபோனதும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது வனிலா இல்ல?"

"அக்கா கிராம்புன்னாங்க சார்."

சார் என்னைப் பார்த்தார். "உனக்கும் சளியா?"

"ஆமா சார், ரெண்டு நாளா" என்றேன்.

மாலைக்குள் பரிசோதித்துப் பார்த்தாகிவிட்டது. புற ஊதா விளக்கொளியில், சோதனைத் தகட்டில் சுத்தமான வனிலின் ஏறி நின்ற புள்ளிக்கு நேராக அவளுடைய பிளாஸ்கிலிருந்து வைத்த புள்ளியும் நின்றது. பக்கத்து லேப் ஆட்கள் கூட வந்து மோந்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து சார் லேப்புக்குள் வந்தால் நேராக அவள் மேசைக்குத்தான் போவார். பிளாஸ்கைக் கூட ஒழுங்காகக் கழுவத் தெரியாதவள், மூக்கடைத்துக்கொண்டு நின்றவள், இவளுக்குப் போய்க் கிடைத்ததே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில், குளியலறையில், எங்கே இருந்தாலும் அதே நினைப்புதான்.

அவள் வளர்த்த அந்த ஈஸ்ட் கல்ச்சர் இன்னும் சுத்தமாகியிருக்கவில்லை. பிளாஸ்கில் இருந்ததெல்லாம் சோதனைக்குப் போய்விட, மிஞ்சியது அந்த ஈஸ்ட் வளர்ந்திருந்த ஒரே ஒரு கண்ணாடி பிளேட். அதன் ஓரத்தில் பூஞ்சை தலைகாட்டியிருந்தது. அந்த வாரம் அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம்.

"அக்கா, நாளைக்கு இதுலேர்ந்து எடுத்து புது பிளேட்ல கோடு இழுத்து வெச்சிடுறீங்களா? பூஞ்சை வேற வருது, பயமா இருக்கு. உங்க கைன்னா சுத்தமா இருக்கும்."

"சரி, நீ போ."

பத்து நிமிட வேலை. முதல் நாள் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் காலியாக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் இன்குபேட்டரைத் திறந்து பார்த்தேன். சாம்பல் பூஞ்சை பாதி பிளேட்டுக்குப் படர்ந்திருந்தது. அப்போது கூட இன்னொரு பாதியில் ஈஸ்ட் இருந்தது. பார்த்துவிட்டுக் கதவை மூடினேன்.

நான்காம் நாள் கல்யாணத்துக்காக லேப்பே கடலூருக்குக் கிளம்பியது. நானும் போனேன். பிரியாணியில் கை வைத்ததும் அவளுடைய அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நீங்கதானா அந்த அக்கா? ஒங்களப் பத்தியேதான் எந்நேரமும் பேசுவா. அங்க என்னமோ விட்டுட்டு வந்திருக்காளாம், அக்கா பாத்துக்கிறாங்க, கவலயில்லன்னு சொன்னா. இல்லேன்னா இவ இங்க நிம்மதியா நின்னிருப்பாளா? நல்லா சாப்பிடுங்கம்மா."

தட்டில் இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தார். கைகழுவிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சிதம்பரம் பஸ் பிடித்தேன்.

லேப்பில், பூஞ்சை முற்றி பிளேட் முழுக்கக் கறுத்த தூளாக இருந்தது. மேலே இருந்ததைச் சுரண்டித் தள்ளி, அடியில் இருந்ததைச் சர்க்கரைக் கரைசலில் போட்டுக் குலுக்கவிட்டேன். பூஞ்சையின் நூல்கள் திரண்டுகொள்ளும், ஈஸ்ட் தனித்தனியாக மிதக்கும். சுத்தம் செய்த பஞ்சு வழியாக வடித்தால் நூல் மேலே நின்றுவிடும். வடித்ததைப் பூஞ்சையை அடக்கும் உப்பு கலந்த பிளேட்டில் பரப்பினேன். இரண்டு முறை பூஞ்சைதான் வந்தது. மூன்றாவது முறை பால்நிறப் புள்ளிகள் எழுந்தன. ஒவ்வொன்றையும் தனியே வளர்த்து அமிலம் கொடுத்தேன். ஏழாவது பிளாஸ்கில் வனிலா வந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கையில் மார்க்கர் பேனா இருந்தது, அந்த ஏழாவது ஈஸ்டின் பிளேட் மேல் இன்னும் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் சேகரித்த ஏதோ ஒரு பழத்தின் எண்ணை அதில் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவளுடைய முந்திரிப்பழத்தின் எண்ணைத்தான் எழுதினேன்.

இரண்டு வார லீவு முடிந்து அவள் திரும்பி வந்ததும் சார் சொன்னார், "உன் கல்ச்சர பூஞ்சை தின்னுடுச்சு. இவதான் ரெண்டு வாரமா உக்காந்து மீட்டா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்லிவிட்டேன்.

"நீ சொன்ன மாதிரி நான் கோடு இழுத்து வெக்கல. மறந்துடல, வேணும்னேதான் விட்டேன்."

"ஏன்க்கா?"

"பொறாமை."

டீயை ஊதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அன்னிக்கு கிராம்புன்னு சொன்னது?"

"அதுவும்தான்."

டம்ளரை வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து அவளுடைய அலமாரியில் பூட்டு தொங்கியது. என்னை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். சாரிடம் அவள் எதுவும் சொல்லவில்லை என்பது அவர் என்னிடம் பழகிய விதத்திலிருந்தே தெரிந்தது. சொல்லியிருந்தால் அவளைக் கொஞ்சமாவது குறைத்து எண்ணியிருக்கலாம்.

என் ஆய்வேட்டை அந்தக் கிராம்பு வாடைக்கார ஈஸ்டுகளை வைத்தே முடித்தேன். அதுவும் விற்கக்கூடிய வாசனைதான் என்று பிறகு தெரிந்தது. கடலூரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. 2012இல் ஒரு சான்றிதழ் வாங்குவதற்காகத் துறைக்குப் போனபோது, நூலகத்தில் அவளுடைய ஆய்வேடு புதிதாக வந்திருந்தது. அவள் அதற்குள் வெளிநாடு போயிருந்தாள். நன்றியுரையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று எடுத்தேன்.

சாருக்கும் வீட்டாருக்கும் அடுத்த வரியில் என் பெயர். 'இந்த ஈஸ்டைப் பூஞ்சையிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கித் தந்தவர்.' அவ்வளவுதான். அதில் பொய் எதுவும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். நின்றபடியே அதை இன்னொரு முறை படித்தேன். அந்த ஈஸ்ட் அவளுக்குக் கிடைத்தபோது வயிறு எரிந்ததைவிட அப்போது அதிகமாக எரிந்தது.