நானூறு பைகளுக்கு அடித்த மணி

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு காலத்தில் பம்பு செய்துகொண்டிருந்த ஷெட்டைக் காலி செய்து, வெள்ளையடித்து, சமூகத் தொழில்முனைவோருக்கென்றே ஒரு பொது அலுவலகமாக மாற்றியிருந்தார்கள். லாபமும் வர வேண்டும், நாலு பேருக்கு நல்லதும் நடக்க வேண்டும் என்று தொழில் தொடங்குகிறவர்கள் அங்கே மேசை எடுத்து உட்காரலாம். எனக்கும் ஒரு மேசை இருந்தது. நான் உட்கார்ந்த எட்டு மாதத்தில் எனக்கு லாபமும் வரவில்லை, யாருக்கும் நல்லதும் நடக்கவில்லை. காபி மட்டும் நன்றாக இருந்தது.

நாற்பத்தொன்பது வயதில் ஐ.டி. கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது, எங்கள் பருத்திப்பட்டு அபார்ட்மென்டில் லிப்டில் ஏறுகிற ஒவ்வொருவரும் "இப்ப எங்க சார்?" என்று கேட்டார்கள். "சொந்தமா பண்றேன்" என்றேன். என்ன பண்ணுகிறேன் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். தெருவில் கட்டிக் கழற்றிய பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை வாங்கி, வெட்டி, பையாகத் தைத்து விற்பது என்று முடிவாயிற்று. குப்பை குறையும், தைக்கிற பெண்களுக்கு வேலை கிடைக்கும். எழுதிப் படித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு நல்லவனா நான் என்று.

பதினாறு மாதிரிப் பைகள் தைக்கவைத்தேன். ஒன்றில் யாரோ ஒரு வட்டச் செயலாளரின் மீசை மட்டும் வந்திருந்தது. இன்னொன்றில் மஞ்சள் நீராட்டு விழாப் பெண்ணின் ஒரு கண்ணும் தாய்மாமனின் கைக்கடிகாரமும். என் மச்சினிக்குக் கொடுத்த பையில் 'கண்ணீர் அஞ்சலி' என்பது எழுத்து குறையாமல் விழுந்திருந்தது. அவள் பார்க்காமல் அதில் தேங்காய் பழம் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பம்பு கம்பெனி காலத்து ஷிப்ட் மணி ஒன்றைக் கழற்றாமல் காபி மிஷின் பக்கத்தில் விட்டுவைத்திருந்தார்கள். யாருக்காவது ஆர்டர் கிடைத்தால் அதை அடிக்க வேண்டும். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அடித்தவர் என்ன கிடைத்தது என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அடுத்த வரியில், அதில் ஒரு பங்கைக் கூடத்திலேயே வேறு யாருக்குத் தருகிறார் என்று சொல்ல வேண்டும். தனியாக யாரும் மேலே போய்விடக்கூடாது என்பது கொள்கை. எனக்கு அந்த ஆபத்தே இருக்கவில்லை. எட்டு மாதமாக மற்றவர்களுக்கு எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

கூடத்தை நிர்வகித்த பெண்ணுக்கு இருபத்தாறு வயதிருக்கும், சிரித்த முகம். அவர் ஒரு மெயில் அனுப்பினார்: வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கண்ணாடி அறையில் சும்மா பேசலாம் என்று. கண்ணாடி அறைக்குச் சும்மா பேசப் போனவர்களில் ஒருவரையும் மறுவாரம் மேசையில் நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே கூடத்துக்கு வந்துவிட்டேன். மூன்று காபி, நாலு பாத்ரூம். எது எதனால் என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று கம்பீரமாக முகத்தை வைத்துப் பார்த்தேன். பல் பிடுங்கக் காத்திருக்கிறவன் மாதிரி இருந்தது. மேசை போய்விட்டால் நாளைக் காலை எங்கே கிளம்புவது, லிப்டில் என்ன சொல்வது, அதுதான் எனக்குக் கவலை. பத்து ஐம்பத்தைந்துக்குக் காபி மிஷினை நோக்கி நடந்தவன், மணியை அடித்துவிட்டேன்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அப்போதுகூட எலி ஓடியது, கை பட்டுவிட்டது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். முந்தின வாரம் பூந்தமல்லி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளரைப் போய்ப் பார்த்திருந்தேன். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு "பாக்கலாம் சார்" என்றிருந்தார். ஆபீசில் விசாரித்ததில் நானூறு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று தெரிந்தது. நடந்தது அவ்வளவுதான். என் வாய் அதை வாங்கி, "நானூறு பைக்கு ஸ்கூல் ஆர்டர் கெடச்சிருக்கு. அவங்களுக்கு இன்னும் மூணு கிளை இருக்கு, வருஷம் முழுக்க வேலை வரும்" என்று வெளியே விட்டது. அந்த மூன்று கிளைகளை நான் அந்த நிமிடத்தில்தான் கட்டினேன். கைதட்டல் அடங்கி, அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்து மேசைக்காரர் மீது கண் விழுந்தது. "தையல் மொத்தமும் இவங்க யூனிட்டுக்கு" என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் முப்பத்தைந்து வயதுப் பெண். பட்டாபிராமில் ஒரு சின்ன ஹாலை வாடகைக்கு எடுத்து, எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை போன ஒன்பது பெண்களை வைத்து யூனிட் நடத்திக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மாதம் அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் இருந்தேன் அண்ணா என்றார். கண்ணாடி அறைக்கு நான் போக வேண்டியிருக்கவில்லை. நிர்வாகி எனக்கு ஒரு கேக் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பதை இப்போது எழுதக்கூடக் கூசுகிறது.

திங்கட்கிழமை பக்கத்து மேசைக்காரர் என்னைத் தன் ஹாலுக்கு அழைத்துப் போனார், வெட்டுகிற அளவைக் காட்டுவதற்காக. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது அது. ஒன்பது பேரும் அதற்குள் மிஷினில் துணி ஊசியைக் கழற்றிவிட்டு, ஃபிளெக்ஸ் தைக்கிற தடித்த ஊசி மாட்டியிருந்தார்கள். அவர்களில் மூத்த அம்மாவுக்கு என் வயது இருக்கும். எழுந்து வணக்கம் சொல்ல முயன்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பூந்தமல்லியைத் தாண்டி ஒரு சீட் கவர் கம்பெனியில் அவருக்குத் தையல் வேலை ஆகியிருந்ததாம். உட்கார்ந்து பார்க்கிற வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கூட்டிப்போக வேன். அன்றைக்குத்தான் சேர வேண்டிய நாள். பக்கத்து மேசைக்காரரைக் காட்டிச் சொன்னார்:

"ஊட்டாண்டையே வருசம் முச்சூடும் வேலை கீதுன்னு அக்கா சொல்ச்சி. நான் வர்லன்னு சொல்ட்டேன் சார். கரீட்டுதானே?"

ஆமாம் என்று சொல்லாமல் இருந்திருக்க எத்தனையோ வழி இருந்தது. தண்ணீர் கேட்டிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம், அதற்கு ஏறக்குறைய தயாராகத்தான் இருந்தேன். "கரெக்ட்தாம்மா" என்றேன். அதோடு நிற்காமல், பேனர் லோடு வியாழக்கிழமை வந்துவிடும் என்று யாரும் கேட்காத தகவலையும் சேர்த்தேன். வடை வாங்கி வைத்திருந்தார்கள். அதையும் சாப்பிட்டேன்.

மறுநாள் பொழுது விடிந்ததும் பூந்தமல்லிக்கு ஓடினேன். பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய்யே இல்லை என்பது என் கணக்கு. தாளாளரின் காலில் விழுந்தாவது நானூறு பை வாங்கிவிடுவது என்ற தீர்மானத்தோடு, கையில் கிடைத்த மாதிரிப் பையை எடுத்து நீட்டினேன். கிடைத்தது மீசைப் பை. மீசையை வைத்தே அவர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு ஆகாத கட்சியாம். இந்த ஆள் மூஞ்சியை என் பள்ளிப் பிள்ளைகள் முதுகில் ஏற்றுவதா என்று கேட்டார். மூஞ்சி இல்லை சார், மீசை மட்டும்தான் என்றேன். வாட்ச்மேன் கேட் வரை கூட வந்தார்.

அதற்கு மறுநாள் கூடத்துக்குப் போகாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். மனைவி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, தொண்ணூற்றெட்டு என்று சொல்லி, கேழ்வரகுக் கஞ்சி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பக்கத்து மேசைக்காரர் மூன்று முறை போன் செய்தார். போன் அடித்து ஓயும்வரை போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், மூச்சு விட்டால் பட்டாபிராமுக்குக் கேட்டுவிடும் என்பது போல.

வியாழக்கிழமை போனேன். கூடத்தில் மாதம் ஒரு வியாழக்கிழமை சமோசாவோடு தோல்விகளைப் பகிர்ந்துகொள்கிற கூட்டம் நடக்கும். அன்று அது இருந்தது. என் முறை வந்தபோது எழுந்து, நான் மணி அடித்தது பொய், ஆர்டரே கிடையாது என்றேன். உட்காருவதற்குள் கைதட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லாரும். நிர்வாகிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு துணிச்சலான பகிர்வை இந்தக் கூடம் பார்த்ததில்லை என்றார். சோலார் அடுப்புக்காரர் ஒருவர், இதைக் கட்டுரையாக எழுதுங்கள் சார், நிறையப் பேருக்குப் பயன்படும் என்றார். பொய் சொன்னதற்கும் கைதட்டல், பொய் சொன்னேன் என்று சொன்னதற்கும் கைதட்டல். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், பரவாயில்லையே, தப்பித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

பக்கத்து மேசைக்காரர் கைதட்டவில்லை. லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க இருக்கவங்களுக்கு நீங்க ஒண்ணும் பண்ணலையே அண்ணா. அங்க ஒன்பது பேர் லோடு இன்னிக்கி வரும்னு மாடியில நின்னு பாத்துட்டு இருக்காங்க. கெளம்புங்க."

ரயிலில் அவர் பெண்கள் பெட்டியில் ஏறினார், நான் பொதுப் பெட்டியில். அண்ணனூர் வந்தபோது இறங்கி ஓடிவிடலாம் என்று கால் தானாக எழுந்தது. ஏறுகிற கூட்டம் என்னைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டது. நானாகப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

ஹாலில் எல்லாரும் என் கையைத்தான் முதலில் பார்த்தார்கள், லோடு எங்கே என்று. சந்தை நிலவரம், பள்ளிக்கூடங்களின் பட்ஜெட் என்று ஏதோ ஆரம்பித்தேன். மூத்த அம்மா குறுக்கிட்டார்.

"ஆர்டர் கீதா, இல்லியா?"

"இல்ல."

"எப்பனா இருந்துச்சா?"

"இல்லம்மா."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, ஏதோ ஒரு வகையில் காட்சியை நான் நடத்தியிருப்பேன். ஒருவர் மிஷின் விளக்கை அணைத்தார். மூத்த அம்மா போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினார். அதுவரை அவர் பேச்சில் இருந்த 'சார்' காணாமல் போயிருந்தது.

"கம்பெனிக்கு ஆள் எடுக்கறவரு. நான் திமிரு புடிச்சிதான் வர்லன்னு நெனச்சிகினு கீறாரு. நீயே சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாரி வெச்சிப் பேசு."

ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தப் பக்கம் லாரி ஹார்ன் சத்தத்துக்கு நடுவில், யார் பேசுவது என்று கேட்டார்.

"இந்தம்மாவுக்கு வேலை தர்றேன்னு பொய் சொன்னவன் சார். அதை நம்பித்தான் அவங்க வரல. அவங்க மேல தப்பில்ல."

"இன்னா நைனா, காமெடியா?"

வாழ்க்கை முழுக்க நான் எதைச் சொன்னாலும் சிரித்திருக்கிறார்கள், அதை வைத்தே எத்தனையோ இடத்தில் பிழைத்திருக்கிறேன். அன்று அந்த வரியை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை குரல் நடுங்கியதில் அவர் நம்பிவிட்டார். தையல் மிஷினுக்கு வேறு ஆள் போட்டாயிற்று, பேக்கிங்கில் ஒரு இடம் இருக்கிறது, எட்டு மணி நேரமும் நின்றபடி பார்க்கிற வேலை, வருவதென்றால் நாளைக் காலை வேனில் ஏறச் சொல்லு என்றார்.

அம்மாவின் கை முழங்காலுக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"வர்றன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். போனை வாங்கிக்கொண்டு, போ, லேட்டாவுது என்றார். நான் படியிறங்கும்போது மற்றவர்கள் தடித்த ஊசிகளைக் கழற்றிப் பழைய ஊசிகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாதக் கடைசியில் மேசையை விட்டுவிட்டேன். நிர்வாகி, இப்போதுதானே உங்கள் பயணம் தொடங்கியிருக்கிறது என்று வருத்தப்பட்டார். லிப்டில் கேட்கிறவர்களிடம், வேலை தேடுகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒருத்தரும் மயங்கி விழுந்துவிடவில்லை. இரண்டாவது மாடிக்காரர் நானும்தான் சார் என்றார்.

அந்த சீட் கவர் கம்பெனி வேன் காலை ஆறே முக்காலுக்குப் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வந்து, எங்கள் ஏரியாப் பெண்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிறது என்பது பால் வாங்கப் போன ஒரு நாள்தான் தெரிந்தது. ஜன்னலோரத்தில் அந்த மூத்த அம்மாவைப் பார்த்ததும் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நாலு நாள் இப்படி நின்றேன். ஐந்தாம் நாள் வேனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒளியாத சார். தொப்ப வெளிய தெரியுது."

வேனே சிரித்தது. கிட்டே போனேன். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சாயங்காலமானால் கால் இரண்டும் தூண் மாதிரி ஆகிவிடுகிறது என்று, பஸ் லேட் என்பது போன்ற சாதாரணக் குரலில் சொன்னார். தையல் மிஷினில் யாராவது வேலையை விட்டு நின்றால் அந்த இடம் முதலில் தனக்குத்தான் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்களாம். எப்போது என்று கேட்டேன். வேன் கிளம்பிவிட்டது.

இப்போது எங்கள் அபார்ட்மென்ட் வாசலிலேயே பால் கிடைக்கிறது. ஆனாலும் ஆறே முக்காலுக்கு ஏரிப் பக்கம்தான் போகிறேன். வேன் நிற்கும். நான் ஜன்னலைப் பார்த்து, மிஷின் கிடைத்ததா என்று புருவத்தை உயர்த்துவேன். அவர் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டுவார், இன்னும் இல்லை என்று. இன்றைக்கும் அப்படித்தான் ஆட்டினார்.